உரத்த ஆராதனை

புனேயை அடுத்த போசரித் தொழிற்பேட்டையில் பிரஸ் இயந்திரங்களின் இடியோசை நடுவே வாரமெல்லாம் உழைத்து, ஞாயிறன்று தமிழ் ஜெபக்கூட்டத்துக்கு வரும் வாலிபனிடம், உரத்த நாதம் தேவனுக்கு உகந்ததன்று என்று எந்த நியாயத்தைக் கொண்டு சொல்வது? 1980களில் கலிபோர்னியாவின் ஸ்ட்ரைப்பர் என்னும் மெட்டல் இசைக்குழுவினர், மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட உடை தரித்து, செவியதிரும் மின் கித்தார்களோடு கிறிஸ்துவைப் பாடி, மேடையிலிருந்து புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை ரசிகர்களிடையே வீசியபோது, ஜிம்மி ஸ்வாகர்ட் முதலிய பிரசங்கிகள் அவ்விசையையே கண்டித்தார்கள். அக்கண்டனம் எனக்கு உடன்பாடன்று. ஏனெனில், சபைக்குப் புறத்தே வழங்கிய இசைவடிவங்களைத் துதிக்கு எடுத்தாள்வது புதிதன்று; அதற்கு வெகுகாலம் முன்னரே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடி, குறவஞ்சி என்னும் நாட்டிய நாடக வடிவைக் கிறிஸ்துவுக்கு உரியதாக்கினார். 1895இல் ஞானஸ்நானம் பெற்ற மராத்திக் கவிஞர் நாராயண வாமன் திலகர், விட்டலரை வழிபடும் வார்க்கரி பக்தர்களின் அபங்கம் என்னும் பாடல் வடிவிலேயே இயேசுவைத் துதித்தார். அவர் கீதங்களை மராத்தித் திருச்சபைகள் இன்றும் பாடுகின்றன.