மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு

தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்கும் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கும் முதியோர் இல்லம் ஒன்றில் ஒருநேரச் சாப்பாடு கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. காசு ஸ்காபரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும். ஊரில் இருக்கும் உறவுக்காரர் சோறு, கறி, பாயாசம் எல்லாம் ஒழுங்கு செய்து, பரிமாறி, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். நல்ல வழக்கம். பல இல்லங்களில் அடுப்பு எரிவதற்கு இந்தக் காசும் ஒரு காரணம். ஆனால் நாம் போவது எப்போதும் மத்தியானம் பன்னிரண்டரைக்கு, அதுவும் முன்கூட்டியே சொல்லிவிட்டு. அந்த நேரத்தில் எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். தரை கழுவியிருக்கும். எல்லோரும் குளித்து, தோய்த்த உடுப்புப் போட்டு, வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதே மனிதர்கள் இரவு இரண்டு மணிக்கு எப்படி இருக்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை.

சாம்பல்தீவில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சின்னம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பிறகுதான் எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. பிள்ளைகள் கனடாவில். மூத்தவன் தொலைபேசியில் சொன்னான்: “அக்கா, அம்மாவுக்கு நல்ல இடமா ஒண்டு பாத்துச் சொல்லுங்கோ. காசு பிரச்சினையில்லை. ஆனா ஊருக்குள்ள கதைக்க வேண்டாம்.” அவன் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தை என் மனதை விட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் வேலைசெய்து ஓய்வுபெற்ற மிஸி ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு திருகோணமலை மாவட்டத்திலும் வெளியிலும் சில இல்லங்களைப் பார்த்தேன். சாமிப்படமும் நன்கொடையாளர் பெயர்ப்பலகையும் மாட்டியிருந்த முன்கூடத்தில் மிஸி நிற்கவே இல்லை. நேராகக் கழிப்பறைக்குப் போனார். கட்டிலிலிருந்து அது எத்தனை அடி, வழியில் படி இருக்கிறதா, பிடித்து எழும்பக் கைபிடி இருக்கிறதா, இரவில் விளக்கு எரியுமா, தரை ஈரமா என்று பார்த்தார். பிறகு படுக்கையில் கிடந்த ஒரு ஆச்சியிடம் போய், “அம்மா, காலைப் பாக்கட்டோ?” என்று கேட்டு, போர்வையைக் கால்மாட்டில் மட்டும் விலக்கிக் குதிக்காலைப் பார்த்தார். படுக்கையோடு கிடப்பவருக்கு குதிக்கால், இடுப்பு, முதுகின் அடிப்பக்கம் போன்ற இடங்களில்தான் படுக்கைப்புண் தொடங்கும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தசை நசுங்கி இரத்தம் ஓடாமல் போவதால் வருவது. முதலில் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காது. அந்த நிலையில் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். விட்டால் எலும்பு தெரியும்வரை போகும். இரண்டு மணிநேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைப்பது ஆஸ்பத்திரிகளில் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

அந்த இல்லத்தில் புரட்டியதற்கு ஒரு அட்டவணை கட்டிலின் காலில் தொங்கியது. கோடு போட்ட தாள், ஒவ்வொரு இரண்டு மணிக்கும் ஒரு கட்டம், கட்டத்தில் கையெழுத்து. நாங்கள் நின்றது பின்னேரம் நான்கு மணிக்கு. இரவு பத்துமணிக் கட்டம்வரை ஒரே நீலப் பேனையால் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தது. மிஸி தாளைத் திரும்பத் தொங்கவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கையெழுத்துக்குரிய பிள்ளைக்கு இருபது வயதிருக்கும். அன்று முழு மண்டபத்துக்கும் அவள் ஒருத்திதான். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தாளைக் கேட்டவர்களுக்கு அவள் தாளைக் கொடுத்திருக்கிறாள். இரண்டாவது ஆளைத் தரும்படி யாரிடம் கேட்பாள்?

இன்னோர் இடத்தில் சமையல்காரர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்பதால் இராச்சாப்பாடு ஐந்தரைக்கே முடிந்துவிடுகிறது. காலைச் சாப்பாடு எட்டுமணிக்கு. இடையில் பதினாலரை மணிநேரம். அமெரிக்காவின் பராமரிப்பு இல்லங்களில் இராச்சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் இடையில் 14 மணிநேரத்துக்கு மேல் போகக்கூடாது என்பது மத்திய அரசின் விதி; கூடினால் படுக்கும் நேரத்தில் சத்தான ஏதாவது கொடுக்கவேண்டும். இன்சுலின் போடும், சீனிக் குளிசை எடுக்கும் ஒருவருக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்கிப்போனால் அதைக் கவனிக்க விழித்திருக்கும் ஆள் வேண்டும். நிறைப் புத்தகத்தையும் மிஸி கேட்டார். ஐம்பது கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தால் அது எச்சரிக்கை. வயதுதான் காரணம் என்று விட்டுவிட முடியாது. மூன்று இடங்களில் அப்படியொரு புத்தகமே இல்லை.

இலங்கையில் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் பதிவுசெய்யப்பட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தில்தான் முதியோருக்கான தேசிய சபையும் செயலகமும் வந்தன. சமூகசேவைத் திணைக்களம் மாகாணத்திலும் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகளுக்கு உத்தியோகத்தர் உண்டு. இல்லத்தைத் தேடும் எவரும் முதலில் கேட்கவேண்டியது பதிவுச் சான்றிதழைத்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பதிவு, இதை நடத்துவது யார் என்பதைச் சொல்லும். நேற்றிரவு எப்படிக் கழிந்தது என்பதைச் சொல்லாது.

பணக்கார நாடுகளில் இதெல்லாம் சரியாக நடக்கும் என்று நாம் நினைக்கிறோம். ஒன்ராறியோவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் அறுநூற்றுக்கு மேல். அங்கே முன்னறிவிப்பில்லாத முழுப் பரிசோதனை என்று ஒன்று இருந்தது. 2019இல் அது ஒன்பது இல்லங்களில்தான் நடந்தது என்று கனடாவின் சிபிசி வெளியிட்டது. முறைப்பாடு வந்தால் போய்ப் பார்ப்பது நடந்துகொண்டிருந்தது. ஆனால் முறைப்பாடு செய்ய வாயும் நினைவும் வேண்டுமே. அடுத்த வருடம் கொரோனா வந்தது. இல்லங்களுக்கு உதவ இராணுவம் அனுப்பப்பட்டது. ஐந்து இல்லங்களைப் பற்றி 2020 மே மாதம் வந்த இராணுவத்தின் அறிக்கையில் கரப்பான்பூச்சி, பழுதான சாப்பாடு, உதவிகேட்டு அழுதும் இரண்டு மணிநேரம்வரை யாரும் வராதது எல்லாம் எழுதப்பட்டிருந்தன. அந்த நாட்டு இல்லங்களில் எங்கள் பிள்ளைகளும் பராமரிப்பாளராக வேலைசெய்கிறார்கள். அங்கே மற்றவர்களின் தாய்மாரைப் புரட்டிப் படுக்கவைப்பவர்களின் தாய்மார் இங்கே தனியாக இருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லங்களைப் பரிசோதிக்கும் ஆணையத்தின் தலைமைப் பரிசோதகராக இருந்த ஆண்ட்ரியா சட்க்ளிஃப், தன் பரிசோதகர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்கச் சொன்னார்: என் அம்மாவை இங்கே விடுவேனா? எனக்குப் பிடித்த கேள்வி. ஆனால் நம்மிடையே அது வேலைசெய்யாது. நம்மில் பெரும்பாலானவர்களின் பதில் எந்த இல்லத்துக்கும் ஒன்றுதான்: விடமாட்டேன். நல்ல இல்லத்துக்கும் அதே பதில், கெட்ட இல்லத்துக்கும் அதே பதில் என்றால் அந்தக் கேள்வியால் என்ன தெரியவரும்?

“ஊருக்குள்ள கதைக்க வேண்டாம்” என்று அந்தப் பிள்ளை சொன்னது இதனால்தான். தாயை இல்லத்தில் விட்டது வெட்கம் என்று நினைப்பவர் அடிக்கடி போய்ப் பார்க்கமாட்டார். போனாலும் வாசலில் வைத்துக் கண்ணீரோடு கதைத்துவிட்டுத் திரும்புவார். போர்வையை விலக்கிக் காலைப் பார்க்கமாட்டார். அயலவர்களும் போகமாட்டார்கள், போனால் அந்தக் குடும்பத்தைக் குறைசொல்லப் போனதாகிவிடும். உள்ளே இருப்பவருக்கோ நன்றிக்கடன் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. தர்மத்துக்குச் சோறு போடும் இடத்தில் சோறு ஆறியிருக்கிறது என்று யார் சொல்வார்? அதிகாரிகள் குறைவு, காசு குறைவு என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் நம் முதியோர் இல்லங்களைக் கண்காணிக்க ஆளில்லாமல் செய்வது முதலில் நம் வெட்கம்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 1990இல் போரால் இடம்பெயர்ந்து சிதறிய ஊர்களில், பிள்ளைகள் மூன்று கண்டங்களில் இருக்கும் வீடுகளில், ஒரு தாய் இல்லத்துக்குப் போவது யாருடைய பாவமும் இல்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது குருநாகல் மாவட்டத்தில் முதியோர் இல்லம் ஒன்றுக்குள் வெள்ளம் புகுந்து 11 பேர் இறந்துபோனார்கள். செய்தியைக் கேட்ட அன்று எனக்கு சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலைதான் நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் உள்ள ஊர் எங்களது. அன்று ஓடக்கூடியவர்கள் ஓடினோம். ஓடமுடியாதவரை யாரோ ஒருவர் தூக்கவேண்டியிருந்தது. அந்தச் செய்திக்குப் பிறகு நான் பார்த்த ஒவ்வொரு இல்லத்திலும் இதைக் கேட்டேன்: தண்ணீர் வந்தால், தீப்பிடித்தால், நடக்கமுடியாத எத்தனை பேரை எத்தனை பேர் தூக்குவீர்கள்? பகலில் கேட்டால் பதில் வரும். இரவில் என்று சேர்த்துக் கேட்டால் கொஞ்சநேரம் பேச்சு நிற்கும். ஓரிடத்தில் மட்டும் பொறுப்பாளர் என்னை வெளியே கூட்டிப்போய், பக்கத்து வீட்டுப் பொடியன்கள் இருவரின் தொலைபேசி இலக்கங்கள் சுவரில் பெரிதாக எழுதியிருப்பதைக் காட்டினார். நடக்கமுடியாதவர்களின் கட்டில்கள் எல்லாம் கதவுப் பக்கமாக இருந்தன. அந்தக் கட்டடம் பழையது, பெயின்ற் உரிந்தது. நான் சின்னம்மாவின் மகனுக்குச் சொன்னது அந்த இடத்தைத்தான்.

அவனிடம் இன்னொன்றும் கேட்டேன். தகப்பனின் திவசச் சாப்பாட்டை இனி இராச்சாப்பாடாகக் கொடு, நாங்கள் ஏழுமணிக்கு எடுத்துக்கொண்டு போகிறோம் என்று. கொடுக்க நான்கு பேர் போனால் இரண்டு பேர் பரிமாறட்டும், மற்ற இரண்டு பேர் படுக்கையில் இருப்பவர்களோடு உட்கார்ந்து கதைக்கட்டும். கிராமத்து முதியோர் சங்கத்திலும் இதைச் சொல்லியிருக்கிறேன். முன்கூட்டிச் சொல்லாமல் எப்படிப் போவது, அவமரியாதை இல்லையா என்று ஒருவர் கேட்டார். வீட்டுக்கு அப்படித்தானே போகிறோம் என்றேன்.

சின்னம்மாவை அந்த இல்லத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியபோது அவர் கைபிடியையோ விளக்கையோ பார்க்கவில்லை. “பக்கத்துக் கட்டில்ல ஆர் பிள்ளை?” என்று கேட்டார். நிலாவெளிப் பக்கத்து அம்மா ஒருவர் என்றார்கள். இரண்டு பேரும் கொஞ்சநேரம் கதைத்தார்கள். அந்த அம்மாவுக்குக் காது கேட்காது, ஆனால் இரவில் குறட்டை விடமாட்டார் என்று விசாரித்து அறிந்துகொண்ட பிறகுதான் சின்னம்மா ஒரு மாதம் இருந்து பார்ப்பதாகச் சொன்னார். மிஸி தன் கொப்பியைத் திறந்து, கேட்கவேண்டியவற்றில் அதையும் எழுதிக்கொண்டார்.