இல்லாதது தோன்றுமோ?

காரணத்தில் முன்னரே இல்லாத எதுவும் காரியத்தில் தோன்றாது என்பது சாங்கியரின் துணிபு. சைவ சித்தாந்திகளும் இந்தச் சற்காரிய வாதத்தையே ஏற்று, மண், திரிகை, குயவன் ஆகியவற்றை முறையே முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என வகுத்து, குடம் மண்ணில் சூக்குமமாய் இருந்ததே என்று சாதித்தனர். நியாய வைசேஷிகரோ, உண்டாவதற்கு முன் குடம் இல்லை, அது புதிதாய்த் தொடங்கியதே என்று மறுத்தனர். நெடுங்காலம் நடந்த இவ்வழக்குக்கு, இரு தரப்பாரும் எதிர்பார்த்திராத ஒரு சாட்சி, இங்கிலாந்தின் தென்கரையில், சௌதாம்ப்டன் கழிமுகத்துச் சேற்றில் முளைத்தது.

அமெரிக்காவின் கீழைக் கரைக்குரிய ஸ்பார்ட்டினா என்னும் உவர்நிலப் புல் ஒன்று, கப்பல் நிலைகுலையாதிருக்கும்பொருட்டு அதன் அடியில் ஏற்றப்படும் பாரத்தோடு கலந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்கழிமுகத்தை அடைந்ததென்று கருதுகிறார்கள். அதன் தாயாதியான ஐரோப்பியப் புல் அங்கே முன்னரே வளர்ந்திருந்தது. கடல் பிரித்து வைத்திருந்த இரண்டும் அருகருகே நிற்க நேர்ந்ததன் விளைவாக, 1870-இல் ஹைத் என்னும் ஊருக்கருகே ஒரு கலப்புப் புல் கண்டெடுக்கப்பட்டது. அது மலடு; ஏனெனில் இனவிருத்திக்குரிய அணுக்கள் உருவாகுங்கால் குரோமோசோம்கள் இணை இணையாகக் கூடிப் பின் பிரிய வேண்டியிருக்க, அமெரிக்கத் தாய் வழி வந்தவையும் ஐரோப்பியத் தந்தை வழி வந்தவையும் செவ்வனே இணை சேரவில்லை. வேர்த்தண்டு படர்ந்தே அது பிழைத்தது.

ஏறக்குறைய 1890-இல் அம்மலட்டுப் புல்லினின்று, குரோமோசோம்கள் அனைத்தும் இருமடியான ஒரு செடி உதித்தது. 60-ஐ ஒட்டி இருந்த எண்ணிக்கை 120-ஐ ஒட்டி உயரவே, ஒவ்வொன்றுக்கும் தன் பிரதியே இணையாய்க் கிடைத்தது, மலடு நீங்கியது. இதன் கலப்புப் பிறப்பை 1930-இல் ஹஸ்கின்ஸ் என்னும் அறிஞர் குரோமோசோம்களை ஆராய்ந்து எடுத்துக்காட்டினார். ஆதியில் படைக்கப்பட்டவையே இன்றுள்ள இனங்கள் என்று தொடக்கத்தில் எழுதிய தாவரவியலறிஞர் லின்னேயஸே பிற்காலத்தில் கலப்பினால் புதிய இனங்கள் பிறக்கக்கூடும் என்று இசைந்தார். அவர் இசைந்தது இங்கே மனிதர் கண்ணெதிரே, ஓர் ஆயுட்காலத்திற்குள் நிகழ்ந்துவிட்டது.

சற்காரியவாதி இதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. புதிய புல்லின் பரம்பரைப் பொருள் பெற்றோரிடமிருந்தே வந்தது. வெளியிலிருந்து யாதும் சேரவில்லை. ஆயினும், ஐரோப்பியப் பெற்றோர் நிலைகொள்ள மாட்டாத தாழ்ந்த சேற்றில், ஓதம் நெடுநேரம் மூழ்கடிக்கும் இடத்தில், இப்பிள்ளை உரத்தோடு நின்று பரவியதே, அந்தச் சக்தி எங்கே இருந்தது? எந்த மரபணு தொழிற்பட வேண்டும், எது ஓய்ந்திருக்க வேண்டும் என்பதை நெறிப்படுத்தும் இரசாயனக் குறிகள் கலப்பின்போதே கணிசமாக மாறிவிட்டன என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஆகவே தனித்தனியே இருவரிடமும் இல்லாத ஒன்று, இருவரும் கூடிய சம்பந்தத்தில் விளைந்தது. அச்சம்பந்தமோ, கப்பல் வரும்வரை உலகில் இருந்ததில்லை. இவ்வளவில் நியாயவாதியின் கேள்வி வலியது என்றே நான் எண்ணுகிறேன்.

நிமித்த காரணத்தைத் தேடினால் அங்கே சங்கற்பித்த மனிதர் ஒருவரும் இல்லை. இறைவனே நிமித்தம் என்று சொல்வதில் எனக்குத் தடையில்லை. ஆனால் முதல் நாளிலேயே எழுதி முடிக்கப்பட்ட ஓர் இனப்பட்டியலுக்குள் அவனுடைய சிருஷ்டியை அடைத்துவைக்கும் பக்தி, அவனைச் சிறுமைப்படுத்துகிறது என்று மனமார நம்புகிறேன். நம் சாஸ்திரங்கள் வெறுங் கருவியாகக் கருதி எளிதில் கடந்துபோகும் துணைக்காரணமே இவ்வரலாற்றில் பெரிது. வேறெந்தப் பெரும்புல்லும் குடியேறாத அந்த வெறுஞ்சேறு காத்திராவிடில், இருமடியான அச்செடி ஒரு கோடையில் தோன்றி மறைந்திருக்கலாம்.

சேற்றை இறுகப் பற்றும் அதன் ஆற்றலைக் கண்டு வியந்தவர்கள் கரைகாக்கவும் நிலம் மீட்கவும் அதனைப் பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றனர். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நட்டனர். 1963-இல் அது சீனத்தையும் அடைந்தது. சென்ற இடங்களில், கரைப்பறவைகள் இரைதேடும் திறந்த சேற்றுவெளிகளை மூடிப் படர்ந்து, அழிக்க அரும்பாடுபட வேண்டிய களையாயிற்று. பிறந்த தென்கரையிலோ, நூறாண்டு நிறையுமுன்பே பல இடங்களில் மடியத் தொடங்கியது. தன் தண்டுகளுக்கிடையே அது தானே தேக்கி வைத்த நுண்ணிய வண்டல் நீர் வடியாமலும் காற்றுப் புகாமலும் கெட்டிப்பட்டு, அதில் விளைந்த நச்சு வேர்த்தண்டைத் தாக்கியதே இதற்கு ஏதுவென்பர். காரியமே தன் துணைக்காரணத்தை மாற்றிவிடும் இந்நிலைக்கு, மண்ணையும் திரிகையையும் குயவனையும் பிரித்து நிறுத்தும் நம் பழைய உவமையில் இடமில்லை. இதனையும் தழுவி விரிய வேண்டிய கடன் சித்தாந்தியைச் சார்ந்தது.