ஓய்வுநாளிலும் தண்ணீர் காட்டுங்கள்

(மாட்டுப் பொங்கல் திருப்பலி மறையுரை. நற்செய்தி: லூக்கா 13:10-17)



18 ஆண்டுகளாகக் கூனிக் கிடந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில் நிமிர்த்துகிறார். தொழுகைக்கூடத் தலைவருக்கோ கோபம். வேலை செய்ய 6 நாள் இருக்கிறதே, குணம் பெற அப்போது வாருங்கள் என்கிறார். இயேசு அவரைத் தொழுவத்துக்கே அழைத்துப் போகிறார்: ஓய்வுநாளிலும் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறவர்கள்தானே நீங்கள்!

இந்த மாடம்பாக்கத்திலும் அகரம்தென் பக்கத்திலும் அடுக்குமாடிகளுக்கு நடுவே மாடு வளர்க்கிற வீடுகள் இன்னும் உண்டு. பிறந்து பத்து நாள்கூட ஆகாத கன்றுக்குக் கழிச்சல் கண்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டாருக்குத் தெரியும். காலையில் துள்ளியது மாலையில் தலை தூக்காது. காரணம் எந்தக் கிருமியானாலும், பெரும்பாலும் கன்றைச் சாய்ப்பது உடம்பை விட்டுப் போகிற நீரும் உப்பும்தான். கண் குழிவிழும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே மறையாது.

அப்போது சிலர், "பாலை நிறுத்து, வயிறு காயட்டும்" என்பார்கள். காய்வது வயிறல்ல, கன்று. கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில், ஒரு லிட்டருக்கான மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்து, சிறுகச் சிறுகப் பல தடவை கொடுங்கள். பாலும் வேண்டும்: 25 கிலோ கன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர், மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, கரைசலுக்கும் பாலுக்கும் இடைவெளி விட்டுக் கொடுங்கள். கன்று சப்பிக் குடிக்கவில்லையென்றால் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். எழ முடியாமல் கிடந்தாலோ, ரத்தமாகக் கழிந்தாலோ உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற கால்நடை உதவித் தொலைபேசி எண்ணும் அதற்குத்தான்.

மனிதருக்கும் இப்படியொரு கரைசல்தான் கைகொடுத்தது. 1971-இல், வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காள எல்லையில் பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீரும் நிலை. டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்கவைத்தார். நூற்றுக்கு முப்பது பேரைக் கொண்டுபோன நோய், அதன்பின் நான்கு பேரைக்கூடக் கொண்டுபோகவில்லை. குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் உப்பையும், அதோடு நீரையும் இழுத்துக்கொள்ளும். பிள்ளைக்கும் கன்றுக்கும் ஆண்டவர் வைத்த ஏற்பாடு ஒன்றுதான்.

ஆனால் நாம் எல்லாக் கன்றுக்கும் ஒரே நியாயம் வைத்திருக்கிறோமா? ஈன்ற முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பால்தான் கன்றுக்கு நோயைத் தாங்கும் தெம்பு. கிடேரிக் கன்றென்றால் ஓடிப்போய் ஊட்டுகிறோம். காளைக்கன்றென்றால், இதனால் என்ன வரும்படி என்று பால் கணக்குப் பார்க்கிறோம்.

மனிதரிடமும் அப்படித்தான். கடனில் விழுந்த தம்பிக்கும், குடியில் விழுந்த மகனுக்கும், "கொஞ்ச நாள் காயட்டும், புத்தி வரும்" என்று கதவைச் சாத்துகிறோம். அவன் கையில் பணம் கொடுக்கச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கக்கூடவா தடை? தளர்ந்து கிடப்பவரிடம் நாளைக்கு வா என்று சொல்வது, அந்தத் தொழுகைக்கூடத் தலைவரின் குரல்.

இன்று கொம்புக்கு வண்ணம் பூசி, மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுகிறீர்கள், நல்லது. மாடு வைத்திருப்பவர்கள் கன்றின் பங்கை மடியில் விட்டுவிட்டுக் கறந்துகொள்ளுங்கள். மாடு இல்லாதவர்கள், உங்கள் குடும்பத்தில் யாருக்குச் சோறும் பேச்சும் நிறுத்திவைத்திருக்கிறீர்களோ, அவர் வீட்டுக்கு இன்றே பொங்கலோடு போங்கள். ஆமென்.