உடலில் நிலைத்த பொருள் உண்டோ?

உடல் மாறினும் அதனுள் மாறாத ஒன்று உண்டென்றும், அதுவே ஆன்மாவென்றும் சிலர் நம்மிடம் வாதிக்கின்றனர். அம்மாறாத ஒன்றின் மீதே முற்பிறப்பின் பாவக் கணக்கையும், உயர்பிறப்பு இழிபிறப்பு என்னும் பேதத்தையும் ஏற்றி வைத்தனர். ஆகையால் இவ்வினா நமக்கு வெறும் ஏட்டு வினாவன்று.

பகவான் புத்தர் சதிபட்டான சூத்திரத்தில் தோல், தசை, நார், எலும்பு என உடலைக் கூறுகூறாக நோக்கும்படி போதித்தார். அவ்வழியே, உடற்கூற்று நூலார் எலாஸ்டின் என்றழைக்கும் பொருளாலான மீள்நாரை நோக்குவோம். தோலிலும் நுரையீரலிலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் பரவியுள்ள இந்நார், இழுத்தால் நீண்டு, விட்டால் தன்நிலைக்கு மீளும். இதயம் சுருங்கி இரத்தத்தைச் செலுத்துகையில் பெருந்தமனி விரிகிறது. அடுத்த கணம் இந்நாரின் விசையால் மீண்டு, இரத்தத்தை முன்னே தள்ளுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை இது நிகழ்கிறது.

இரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாளில் அழிந்து புதியது தோன்றுகிறது. எலாஸ்டினோ பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் நெய்யப்பட்டு, வாழ்நாள் முழுவதும் உழைக்கிறது. அப்படியாயின் மாறாத பொருள் இதோ அகப்பட்டது எனலாமா?

முதியவரின் புறங்கைத் தோலை இலேசாகத் தூக்கி விட்டால், மடிப்பு மெல்லவே மறைகிறது. ஆண்டுகள் செல்ல நார் இற்றுப்போகிறது; தமனி விறைக்கிறது. நெடுநாள் இருப்பது வேறு. என்றும் இருப்பது வேறு. மேலும், தாயின் உடலும், உணவில் வரும் புரதமும், சிறிதளவு தாமிரமும் கூடியே இந்நார் உண்டாயிற்று. காரணங்களால் தோன்றி, காரணங்களால் தேய்வதில் ‘நான்’ எங்கே? குலம் எங்கே?

ஆன்மா கண்ணுக்குப் புலப்படாதது. நாரைக் காட்டி அதனை மறுக்கலாகாது என்பாரும் உளர். அவ்வாறே கொள்வோம். காணவும் அறியவும் இயலாத ஒன்றின் பேரால், கண்முன் நிற்கும் மனிதனை இழிந்தவன் என்றது எவ்வாறு நியாயமாகும்?

மாறாத இயல்பு இல்லை என்பதனாலேயே மனிதன் உயர இயலும். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கருடன் இலட்சக்கணக்கானோர் தம்மம் தழுவியது அந்நம்பிக்கையாலன்றோ?

இனி நம் கடமை யாது? இளமையில் நெய்த நாரே இறுதிவரை உழைக்க வேண்டுமாதலின், கருவுற்ற தாய்க்கும் குழந்தைக்கும் முதலில் நல்லுணவு அளிப்போம். நுரையீரலின் நாரைச் சிதைக்கும் புகையிலைப் புகையை விலக்குவோம். அழியாத ஆன்மாவை நம்பி உடலை இகழ்தல் எளிது. அழியும் உடலென்று அறிந்து, பிறர் உடலையும் தம்முடல்போற் பேணுதலே தம்மம்.