களவுப் பொருளுக்குக் காலாவதி உண்டா?

புரோநோட்டுக்குக் காலாவதி உண்டென்பது நம் வணிகப் பெருமக்கள் அறிந்ததே. களவுப் பொருளுக்கும் அப்படியொரு கெடு உண்டா? ஒருவன் களவாடிய சரக்கைப் பல தலைமுறை பத்திரமாக வைத்திருந்து, துடைத்து, கண்ணாடிப் பேழையில் அடுக்கி, உலகமெல்லாம் வந்து பார்க்கச் செய்தபின், "இனி இது என்னுடையது" என்று சொல்லலாமா? 'டஹோமி' என்னும் ஆவணப்படம் இக்கேள்வியை எழுப்புகிறது. செனகல் வழிவந்த பிரெஞ்சுப் பெண்மணி மாட்டி டியோப் எடுத்த இப்படம் 68 நிமிடமே ஓடுவது. 2024இல் பெர்லின் திரைப்பட விழாவின் முதற்பரிசான தங்கக் கரடியைப் பெற்றது.

மேற்கு ஆப்பிரிக்காவில் இன்று பெனின் எனப்படும் நாட்டின் தென்பகுதியில் டஹோமி அரசு இருந்தது. 1892இல் ஜெனரல் டோட்ஸ் தலைமையில் சென்ற பிரெஞ்சுப் படை, அபோமே அரண்மனையிலிருந்து அரியணைகளையும் அரசர் உருவங்களையும் அள்ளிக்கொண்டு போயிற்று. (அந்த ஜெனரலும் செனகலில் பிறந்தவர், ஆப்பிரிக்க இரத்தமும் உடையவர். இனம் ஒன்றானால் நீதியும் தானே வந்துவிடும் என்று நம்புவோர் கவனிக்க.) 2016இல் பெனின் அரசு திருப்பிக் கேட்டது. பொதுச் சேகரத்தில் சேர்ந்துவிட்ட பொருளைக் கைமாற்றச் சட்டம் இடந்தராது என்று பிரான்ஸ் மறுத்தது. பிறகு 2020 டிசம்பரில் அதற்கெனவே தனிச்சட்டம் செய்து, 2021 நவம்பரில் 26 பொருள்களைத் திருப்பியனுப்பிற்று.

படத்தின் முற்பகுதியில் சரக்குக் கட்டும் வேலையே நடக்கிறது. மரப்பெட்டி, திருகாணி, ஒவ்வொரு கீறலையும் குறித்துக்கொள்ளும் அதிகாரிகள். நம் துறைமுகங்களில் பீங்கான் இறக்கி நட்டப்பட்டவர்கள் கண்டால் பெருமூச்சு விடுவார்கள்! பெட்டி மூடியதும் திரை இருள்கிறது. கேசோ என்னும் அரசரின் உருவம் உள்ளிருந்து ஃபொன் மொழியில் பேசுகிறது. தன்னைப் பெயரிட்டு அழையாமல் 26 என்று அழைக்கிறார்களே என்று அது மனம் நோகிறது. எண்ணில்லாமல் நம் கிடங்கும் நடவாதுதான். ஆனால் ஒரு மக்கள் தம் அரசரென்று போற்றியது இன்னொருவர் கிடங்கில் வெறும் எண்ணாகிவிட்டது என்றால், போனது பொருள் மட்டுமன்று. உருவங்களைப் பற்றி நம் கொள்கை வேறு. அதனால் பிறர் உடைமை பற்றிய நியாயம் மாறிவிடாது.

"நாங்கள் காப்பாற்றியிராவிட்டால் கரையான் அரித்திருக்கும்" என்பது வழக்கமாகக் கேட்கும் வாதம். காப்பாற்றுதல் என்பது அமானிதத்துக்குரிய சொல். மனமுவந்து ஒப்படைத்தாலன்றோ அமானிதம்? பிடுங்கியதைப் பேணினேன் என்று சொல்பவருக்குக் கிடங்கு வாடகையும் நான் தரமாட்டேன்.

இன்னொரு வாதம் இதைவிட வலியது. 1818 முதல் 1858 வரை ஆண்ட அதே கேசோ, போரில் பிடித்த மக்களை உவிதா துறைமுகத்தில் அடிமைகளாக விற்றுச் செழித்தவர். ஆள் விற்றவரின் அரியணைக்கு இத்தனை வழக்கா என்கிறார்கள். கேட்கத் தக்க கேள்விதான். ஆயினும், எனக்குத் தரவேண்டியவன், நான் மூன்றாமவருக்குத் தரவேண்டிய பாக்கியைக் காட்டித் தன் கடனைக் கழித்துக்கொள்ள முடியுமா? பேரேட்டில் இரண்டும் தனித்தனிப் பக்கம். அரண்மனைப் பொருள்களை அள்ளியவர்கள், விற்கப்பட்டோரின் மக்களிடம் அவற்றைச் சேர்க்கவும் இல்லை.

டஹோமியின் பெயரில் நிற்கும் பாக்கியோ மிகக் கனமானது. அரியணையைத் திருப்பலாம், விற்ற ஆளைத் திருப்ப வழியில்லை. 2024 செப்டம்பரில் பெனின் அரசு, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வழங்கச் சட்டமியற்றியது. அந்தப் பாக்கி இதனால் தீர்ந்துவிடாது. ஆனாலும், வசூலுக்குப் புறப்பட்டவர் தம் பாக்கியையும் கணக்கில் எழுதிக்கொண்டாரே, அதை மதிக்கத்தான் வேண்டும்.

படத்தில் மனத்தை விட்டு அகலாதது அபோமே-கலாவி பல்கலைக்கழக மாணவர்களின் வாக்குவாதம். ஆயிரக்கணக்கில் எடுத்துவிட்டு 26 தருவது அவமதிப்பு என்கிறது ஒரு பக்கம். இதுவாவது வந்ததே என்கிறது மறுபக்கம். டிஸ்னி படங்களைப் பார்த்தே வளர்ந்தோம், பிரெஞ்சுக்காரரை எதிர்த்த பெஹன்சின் அரசரைப் பற்றி ஒரு கேலிச்சித்திரப் படமும் கண்டதில்லை என்ற ஏக்கமும் அங்கே ஒலிக்கிறது. இத்தனையும் பேசுவது பிரெஞ்சு மொழியில்! இந்த நட்டத்தை எந்த மரப்பெட்டியில் ஏற்றி அனுப்புவது?

அவர்கள் வழக்கில் எனக்குத் தோன்றுவது இதுதான். பகுதிப் பணம் வந்தால் வாங்கிக்கொள்வதில் குற்றமில்லை. ரசீதில் "முழுவதும் பெற்றேன்" என்று எழுதிக் கையொப்பமிடுவதுதான் கூடாது. பாரிஸ் நகரத்து கே பிரான்லி அருங்காட்சியகத்தில் மட்டும் சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்கப் பொருள்கள் சுமார் 70,000 இருந்தன என்று, பிரெஞ்சு அதிபர் கேட்டு வாங்கிய 2018ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. டஹோமி மக்கள் போர்த் தெய்வமாகக் கொண்ட 'கூ'வின் ஆளுயர இரும்பு உருவம் 1894இல் உவிதாவிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டது. திரும்பிய 26 பொருள்களில் அது இல்லை.