பொய் சொல்ல ஒரு ஆள்

முடிச்சூரில் அப்பா கட்டிய வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவானது. அப்பா இல்லை. அம்மா என்னோடு வந்துவிட்டார். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு எத்தனை வருஷம் வரி கட்டுவது? இரண்டு புரோக்கர்களை வரச் சொன்னேன்.

முதலாமவர், டீக்கடை பெஞ்ச்சையே ஆபீஸாக வைத்திருக்கும் பெரியவர். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று சுவரை உற்றுப் பார்த்தார்.

‘‘2015-ல இங்கே எவ்வளோ தண்ணி தம்பி?’’

இடுப்பளவு என்றேன்.

‘‘அதைச் சொல்லித்தான் விப்பேன். 58 லட்சம் போகும்.’’

இரண்டாமவர் இளைஞர். அவர் எதுவுமே கேட்கவில்லை. ‘‘60-க்குக் குறையாம முடிச்சுடலாம் சார். வெள்ளம் பத்தி யாராவது கேட்டா, நீங்க வாயே திறக்காதீங்க. நான் பார்த்துக்கறேன்!’’

அந்த ‘நான் பார்த்துக்கறேன்’ காதில் விழுந்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. நேருக்கு நேர் பொய் சொல்ல எனக்குக் கூச்சம். கமிஷன் கொடுத்து ஆள் வைத்துச் சொன்னால் கூச்சம் போய்விடுகிறது! நாம் புரோக்கரைத் தேடுகிறோமா, நமக்குப் பதிலாகப் பாவம் சுமக்க ஆள் தேடுகிறோமா?

பி.காம். படித்தபோது உருப்போட்ட ஒப்பந்தச் சட்டம் நினைவுக்கு வந்தது. 1872-ம் வருடத்துச் சட்டம், 238-ம் பிரிவு. நம் வேலையைச் செய்கிறபோது ஏஜென்ட் புரட்டு பேசி ஒப்பந்தம் போட்டால், அது நாமே பேசியதற்குச் சமம். வாய் அவருடையது, பொய் என்னுடையது. பரீட்சையில் இதற்கு மார்க் வாங்கியிருக்கிறேன், வெட்கக்கேடு.

சரி, தர்மத்தை விடுங்கள். கணக்கைப் பார்ப்போம். கமிஷன் 2 சதவிகிதம். எனக்குக் கூடுதலாக 2 லட்சம் கிடைத்தால் புரோக்கருக்குக் கிடைப்பது வெறும் 4,000 ரூபாய். அதற்காக அவர் ஏன் மாதக்கணக்கில் அலைய வேண்டும்? அமெரிக்காவில் ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதாரப் பேராசிரியர் சிகாகோ பக்கத்து வீட்டு விற்பனைகளை ஆராய்ந்தார். ஏஜென்ட்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சுமார் 10 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3 சதவிகிதத்துக்கும் மேல் அதிக விலை பார்த்தார்களாம். அடுத்தவர் வீடென்றால் ‘வந்த விலைக்குத் தள்ளுங்க சார்’தான்.

இந்தக் கணக்கு பெரியவரையும் விட்டுவைக்காது என்பதுதான் சங்கடம். குறைவாக விலை சொன்னால் சீக்கிரம் விற்கும். அது நேர்மையா, சோம்பேறித்தனமா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சட்டைதான் போட்டிருக்கின்றன.

வழக்கமாக, அந்தப் புரோக்கர் மூலம் விற்றவர்களிடம்தான் விசாரிப்போம். ‘நல்ல விலை வாங்கிக் கொடுத்தார்’ என்பார்கள். அது பாதிக் கதை. மீதியை வாங்கினவர்களிடம் அல்லவா கேட்க வேண்டும்? இளைஞரிடம், அப்படி ஒருத்தர் நம்பர் கேட்டேன். ‘‘அதெல்லாம் எதுக்கு சார்?’’ என்றார். பெரியவர், பின் தெருவில் ஒரு வீட்டைக் கை காட்டினார்.

போனேன். அந்த வீட்டம்மா கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும், மாடிப்படித் திருப்பத்தில், தலைக்கு மேல் உயரத்தில் பலகை அடித்து வைத்திருந்த இன்வெர்ட்டரைக் காட்டினார்.

‘‘கீழே வைக்காதம்மானு அவர்தாங்க சொன்னாரு. அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே!’’