வேலியா? வெளியா?

'கேம்பஸ்' - கல்லூரி மாணவர் நாவில் நாள்தோறும் நடமாடும் சொல். அது எங்கே பிறந்தது, எப்பொருளைச் சுமந்து வந்தது என்று கேட்போர் சிலரே. சொல்லின் பிறப்பை ஆராய்வது புலவர்க்கு மட்டுமே உரிய பொழுதுபோக்கென நாம் கருதவில்லை. சொல் கூறுவது என்ன, அதைச் சூட்டியவர் செய்தது என்ன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது பகுத்தறிவாளர் கடமை.

இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குத் திறந்தவெளி, வயல் என்பது பொருள். உரோம் நகரில் மார்ஸ் என்னும் போர்க் கடவுளின் பெயரால் ஒரு பெருந்திடல் இருந்தது. வீரர் பயின்ற இடம். குடிமக்கள் கூடி ஆட்சித் தலைவரைத் தேர்ந்தெடுத்த இடமும் அதுவே. ஆகா, மக்களாட்சியின் மாண்பு என மகிழ்ந்துவிடலாமா? பழைய முறைப்படி வாக்குகள் 193 பிரிவுகளாக எண்ணப்பட்டன. குதிரைப்படைச் செல்வர்க்கு 18, முதல் வகுப்புச் சொத்துடையார்க்கு 80, ஆக 98. பாதிக்கு மேல் அவர்களிடமே! சொத்தேயில்லா ஏழையர் எத்தனை ஆயிரவராயினும் அவர்க்கு ஒன்றே ஒன்று. பெண்ணுக்கும் அடிமைக்கும் அந்த ஒன்றும் இல்லை. திடல் திறந்திருந்தது, உரிமை பூட்டிக் கிடந்தது.

அச்சொல் கடல் கடந்து கல்விக்கூடம் புகுந்த கதையும் கேண்மின்! அமெரிக்காவில் நியூஜெர்சி கல்லூரி - 1896 முதல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் எனப்படுவது - தன் முன்றிலை அப்பெயரால் அழைத்தது. 1774 சனவரியில், ஆங்கில அரசின் தேயிலை வரியை எதிர்த்து அக்கல்லூரி மாணவர் தேயிலையைக் குவித்து எரித்தனர். எரித்த இடம் 'கேம்பஸ்' என்று மாணவர் ஒருவர் வீட்டுக்கு எழுதினார். அப்பொருளில் இச்சொல்லுக்குக் காட்டப்படும் தொன்மையான சான்று அம்மடலே. கிளர்ச்சித் தீயின் வெளிச்சத்தில் ஏடேறிய சொல்!

ஆனால், அக்கல்லூரித் தலைவர் வித்தர்ஸ்பூன் யார்? மாந்தர் அனைவரும் சமம் என முழங்கிய 1776 விடுதலைப் பேரறிக்கையில் கையொப்பமிட்டவர். அதே வேளையில் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். வரி கசந்தது, அடிமைத்தனம் கசக்கவில்லை! அங்கே இளநிலை மாணவராகப் பெண்கள் நுழைய 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1962இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின இளைஞர் சேர நீதிமன்ற ஆணை மட்டும் போதவில்லை, படையும் வரவேண்டியிருந்தது. கலவரத்தில் இருவர் மாண்டனர். பெயரோ திறந்தவெளி! வாயிலிலோ வெறியர் கூட்டம்!

"சொல்லின் பொருள் காலத்தால் மாறும், அதற்கேன் இத்துணைச் சினம்?" என்பர் சிலர். மாறட்டும், மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு: அழகிய பெயரைச் சூட்டிவிட்டால் அநீதி அகன்றுவிடுமா? பெயர், வாக்குறுதி. வாக்குறுதியை நிறைவேற்றாதவன் பெயரைக் காட்டித் தப்ப இயலாது.

தமிழில் நாம் 'வளாகம்' என்கிறோம். சூழப்பட்ட இடம் என்பது பொருள். வெளியைக் குறித்த சொல்லை வேலியைக் குறிக்கும் சொல்லால் பெயர்த்துவிட்டோமோ என்று ஐயுறலாம். ஐயம் வேண்டா! புறநானூற்றில் நக்கீரர் கடல் சூழ்ந்த உலகையே வளாகம் என்றார். உலகாளும் வேந்தனுக்கும், இரவுபகல் உறங்காது வேட்டையாடும் கல்லாதவனுக்கும் உணவும் உடையும் ஒரே அளவினவே என்று அப்பாட்டிலேயே கூறினார். கல்லாதவனையும் உள்ளடக்கிய வளாகம் அது!

தோழர்களே, பல்கலைக்கழகத்துக்கு மதில் இருக்கட்டும். நூலையும் கருவியையும் காக்கட்டும். மனிதனைத் தடுக்க மட்டும் அது எழும்பலாகாது. கூலி உழைப்பாளியின் மகள் அஞ்சாது நுழைந்து, அயர்வின்றிக் கற்று, தலைநிமிர்ந்து வெளிவரும் நாளில்தான் வளாகம் தன் பொருளைப் பெறும்.